காணி கொடுத்தவனுக்குரிய பங்கு

மும்பாய் மாநகரின் இரண்டாவது சர்வதேச விமான நிலையம் 2025 ஒக்டோபர் 8ஆந் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 25ஆந் திகதி முதல் அங்கிருந்து பயணிகள் விமானங்கள் பறக்கத் தொடங்கின. நவி மும்பாய் விமான நிலையம் எனப்படும் இதன் முதற்கட்டத்துக்கு மட்டும் 19,650 கோடி இந்திய ரூபா செலவாகியிருக்கின்றது. 3,700 மீற்றர் நீளமான ஓடுபாதையும் ஆண்டுக்கு 2 கோடிப் பயணிகளை ஏற்கவல்ல மண்டபமும் இப்பொழுது ஆயத்தமாயுள்ளன. எல்லாக் கட்டங்களும் நிறைவெய்தும் காலத்தில் 9 கோடிப் பயணிகளும் 32 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட சரக்கும் ஆண்டுதோறும் இதனூடாகச் செல்லக்கூடும் எனத் திட்டமிட்டோர் கணித்துள்ளனர்.

இச்செய்தியைப் பத்திரிகைகள் பலவும் படங்களோடு வெளியிட்டன. தாமரை மலரின் வடிவத்தைத் தழுவி அமைந்த மண்டபத்தின் அழகையும், அங்குள்ள நவீன வசதிகளையும் அவை விரிவாக எடுத்துரைத்தன. அவற்றைத் திரும்பக் கூறுவது எமது நோக்கமன்று. அந்த ஓடுபாதைக்குக் கீழே கிடக்கும் மண்ணைப் பற்றியே எமது வாசகர்களுடன் சிறிது பேச விரும்புகின்றோம். அது முன்பு யாருடைய மண், எவ்வாறு கைமாறியது, கைமாறியபொழுது அம்மண்ணுக்குரியவன் பெற்றதென்ன என்ற மூன்று கேள்விகளும் மும்பாயில் வாழ்வோருக்கு மட்டும் உரியவையல்ல. பலாலியைத் தம் ஊரெல்லையிற் கொண்ட மக்களுக்கும் அவை நன்கு பழக்கமான கேள்விகளே.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மும்பாய்க்கு இன்னொரு விமான நிலையம் வேண்டியதில்லை என்று எவரும் வாதிட முடியாது. பழைய விமான நிலையத்திலே இரண்டு ஓடுபாதைகள் இருக்கின்றன. ஆனால் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதனால் ஒரே வேளையில் இரண்டையும் பயன்படுத்த இயலாது. நடைமுறையில் அது ஒற்றை ஓடுபாதை நிலையமே. அந்த நிலையிலும் 2018ஆம் ஆண்டில் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் அங்கே விமானங்கள் ஏறி இறங்கின. நாற்புறமும் குடிசைகளும் மாடிகளும் நெருங்கி நிற்க, ஓர் ஏக்கரேனும் விரிவடைய அதற்கு வழியில்லை. எனவே கடற்கழிக்கு அப்பால், பன்வேல் பகுதியிலே, புதிய நிலையமொன்றை அமைக்க முற்பட்டது நியாயமான காரியமே.

தேவை கருதி எழும் விமான நிலையத்துக்கும் பெருமை கருதி எழும் விமான நிலையத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் நன்கறிவோம். 2013 மார்ச்சு மாதத்தில் மத்தளையிலே கடன்பட்டுக் கட்டித் திறக்கப்பட்ட நிலையத்துக்கு விமானங்கள் வாராதொழிய, சில ஆண்டுகளுள் அதன் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டைகளை அடுக்கிவைத்த காட்சியை இந்நாடு கண்டது. மும்பாயின் கதை அதுவன்று. அங்கே தேவை உண்மையானது. தேவை உண்மையாயிருக்கும் பொழுதுதான் நியாயத்தைப் பற்றிய கேள்வியும் கூர்மையடைகின்றது. வேண்டாத திட்டமொன்றை வேண்டாம் என்று சொல்லி முடித்துவிடலாம். வேண்டிய திட்டத்துக்காக ஒருவன் தன் வயலை இழக்க நேரின், அவனுக்கு நாடு கடமைப்பட்டுள்ளது எவ்வளவு?

இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின் அரை நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்லுதல் அவசியம். பம்பாய்த் தீவு மக்கள் தொகையால் திணறத் தொடங்கிய காலத்திலே, 1960களின் நடுப்பகுதியில், சார்ள்ஸ் கொறியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் பாட்டேல் ஆகிய மூவர், கழிக்கு அப்பாலுள்ள பெருநிலத்தில் இரட்டை நகரமொன்றை எழுப்பலாம் என்ற யோசனையை முன்வைத்தனர். அரசாங்கம் அதனை ஏற்றது. 1970 மார்ச்சு மாதத்தில் ‘சிட்கோ’ எனப்படும் நகர, கைத்தொழில் அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 95 கிராமங்களையும் 344 சதுர கிலோமீற்றர் பரப்பையும் உள்ளடக்கிய நிலப்பகுதி நவி மும்பாய்க்கென வரையறுக்கப்பட்டது.

வரைபடத்தில் அந்நிலம் வெறுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அது வெறும் நிலமன்று. ஆக்ரி என்ற உழவர் குலத்தாரும் கோளி என்ற மீனவர் குலத்தாரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் அது. கடல்நீரை அணைகட்டித் தடுத்து அவர்கள் நெல் விளைவித்தனர். கழியோரத்தில் உப்பு விளைத்தனர். கண்டற்காடுகளுக்கிடையே மீனும் நண்டும் பிடித்தனர். பெரும் செல்வர்கள் அங்கே அதிகமில்லை. ஆயினும் பிறர் கையை எதிர்பார்த்து வாழாத மக்கள் அவர்கள்.

அவர்களுடைய காணிகள் பொதுத் தேவைக்கென எடுக்கப்பட்டன. எடுக்கும் பொழுது பயன்பட்டது 1894ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் ஆக்கிவைத்த சட்டம். அச்சட்டத்தின் இயல்பை இங்குள்ள வழக்கறிஞர்கள் அறிவர். அரசாங்கம் பொதுத் தேவை என்று சொன்னால் அதுவே பொதுத் தேவை. அரசாங்கத்தின் அலுவலர் குறிக்கும் விலையே விலை. வயலாக இருக்கும் பொழுது அதற்குள்ள விலை கமக்காரனுக்குக் கொடுக்கப்பட்டது. நகரமாகிய பின்னர் அதே மண் பெற்ற விலையை நகரத்தை அமைத்தவர்கள் பெற்றனர். இரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்திலேதான் ஒரு சமுதாயத்தின் வாழ்வு முழுவதும் அமிழ்ந்து போயிற்று.

அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. உழவர் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த தினகர் பாலு பாட்டீல் என்ற தலைவரின் கீழ் அவர்கள் ஒன்று திரண்டனர். பன்வேல் தொகுதியிலிருந்து பலமுறை சட்டசபைக்கும் பின்னர் பாராளுமன்றத்துக்கும் சென்ற அவரை அம்மக்கள் ‘தி. பா.’ என்று அன்போடு அழைத்தனர். 1984 சனவரி 16ஆந், 17ஆந் திகதிகளில், யாசாய்க் கிராமத்தையும் அதன் அயலையும் சேர்ந்த உழவர்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். ஐவர் உயிரிழந்தனர். காணிக்கு நியாயமான விலையும் எஞ்சிய வாழ்வுக்கு ஒரு பிடிமானமும் கேட்டதே அவர்கள் செய்த குற்றம்.

அந்த ஐவரின் குருதி வீணாகவில்லை என்று சொல்லலாம். 1990களில் மகாராட்டிர அரசாங்கம் ஒரு புதிய ஏற்பாட்டுக்கு இணங்கியது. காணியை இழந்தவனுக்குப் பணத்தோடு, அவன் இழந்த பரப்பின் 12.5 சதவீதத்தை, வீதியும் நீரும் மின்சாரமும் அமைந்த நகர மனையாகத் திருப்பிக் கொடுப்பது என்பதே அது. அதிலும் ஒரு பகுதி பொது வசதிகளுக்கெனக் கழிக்கப்பட்டது உண்மையே. எனினும் கொள்கை அளவில் இது பெரிய மாற்றம். காணியைக் கொடுத்தவன் விலை வாங்கிக்கொண்டு விலகிச் செல்லும் அந்நியன் என்ற எண்ணம் மறைந்து, எழப்போகும் நகரத்தில் அவனும் பங்காளி என்ற எண்ணம் முதன்முறையாக அரசாணையில் இடம்பெற்றது.

விமான நிலையத்துக்கென 1,160 ஹெக்டேயர் நிலம் வேண்டப்பட்ட பொழுது இப்பங்கு மேலும் உயர்ந்தது. 2014ஆம் ஆண்டில் விமான நிலையப் பகுதியின் காணிச் சொந்தக்காரருக்கு 22.5 சதவீதம் அபிவிருத்தி செய்யப்பட்ட மனை கொடுப்பதென அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. எமது கமக்காரர்களுக்கு விளங்கும் கணக்கிற் கூறுவதாயின், ஓர் ஏக்கர், அதாவது 16 பரப்புக் காணி கொடுத்தவனுக்கு முந்திய ஏற்பாட்டின்படி 2 பரப்பு மனை கிடைக்கும். பிந்திய ஏற்பாட்டின்படி 3.6 பரப்புக் கிடைக்கும். வயலாயிருந்த 16 பரப்பிலும் பார்க்க விமான நிலையத்தின் அருகே அமைந்த நகர மனை 3.6 பரப்பின் பெறுமதி கூடியதாயிருத்தல் இயல்பே. உழுது வாழ்ந்தவனுக்கு உழவு போனது போனதுதான். ஆனால் வெறுங்கையோடு அவன் துரத்தப்படவில்லை.

இந்த ஏற்றம் எவருடைய கருணையால் வந்தது? எந்த அமைச்சரும் தாமாக மனமிரங்கி அதனைக் கொடுக்கவில்லை. 12.5 என்ற இலக்கம் 1984இன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின்னரே வந்தது. 22.5 என்ற இலக்கம், திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2007இல் இணக்கம் தெரிவித்து, 2010 நவம்பரில் சுற்றாடல் அனுமதியும் கிடைத்த பின்னரும், ஊர்மக்கள் விட்டுக்கொடாது நின்றமையால் வந்தது. ஒற்றுமையாய் நின்று, கணக்கை அறிந்து, கேட்கவேண்டியதைக் கேட்கத் தெரிந்த மக்களுக்கே நியாயத்தில் ஒரு பகுதியாவது கிட்டுகின்றது. உழவனுடைய உறுதியோடு கற்றவனுடைய அறிவும் சேர வேண்டியது இங்கேதான்.

நியாயத்தில் ஒரு பகுதி என்று நாம் கூறியதற்குக் காரணம் உண்டு. அங்கேயும் குறைகள் பல எஞ்சியுள்ளன. பங்கு என்பது உறுதி உள்ளவனுக்கே கிடைத்தது. காணியில்லாக் கூலிக்காரனுக்கும், பிறர் உப்பளத்தில் உழைத்தவனுக்கும் உறுதி ஏது? கழியும் கண்டற்காடும் எவர் பெயரிலும் எழுதப்பட்டவையல்ல. எனவே அவற்றை நம்பி வாழ்ந்த மீனவனின் இழப்பை அளக்க அலுவலரிடம் அளவுகோல் இருக்கவில்லை. மற்றொரு துயரமும் உண்டு. மனை கையில் வருமுன்னரே பணமுடை காரணமாக அதற்கான உரிமையைக் கட்டடத் தரகர்களுக்கு விற்றுவிட்டவர்கள் பலர். ஆண்டுகள் பல கழித்துத் தரப்படும் பங்கு ஏழையின் கையில் நிலைப்பதில்லை. அதனைக் காத்திருக்க வல்லவனே ஈற்றில் அனுபவிக்கின்றான்.

நீரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. விமான நிலையம் எழுந்த இடம் தாழ்ந்த சதுப்பு நிலம். அதனைப் பல மீற்றர் உயர்த்தி நிரப்ப வேண்டியிருந்தது. சுமார் 90 மீற்றர் உயரமான உல்வேக் குன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. உல்வே ஆறு திசை திருப்பப்பட்டது. கண்டற்காடுகள் அழிந்தன. அவற்றுக்கு ஈடாக வேறிடத்தில் கண்டல் வளர்க்க வேண்டும் என்ற நிபந்தனை சுற்றாடல் அனுமதியில் விதிக்கப்பட்டது. ஆனால் ஆறும் மழையும் நிபந்தனைகளை வாசிப்பதில்லை. நிலம் உயர்த்தப்படும் பொழுது, உயர்த்தப்படாத அயற் கிராமத்துக்கு வெள்ளம் வரும். மாரிகாலத்தில் தம் வீடுகளுட் புகுந்த நீரைப் பற்றி அப்பகுதி மக்கள் முறையிட்டனர். இதனை அனுபவத்தால் அறிய வேண்டியவர்கள் மும்பாய்க்காரர் மட்டுமல்லர். சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலே பாலமிட்டு நீட்டப்பட்டது. 2015 டிசம்பரில் பெருமழை பெய்து ஆறு பெருகியபொழுது அந்நிலையம் நாட்கணக்கில் மூடிக்கிடந்ததை நாமெல்லாம் அறிவோம்.

2018 பெப்ரவரியில் நவி மும்பாய் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அப்பொழுதும் 10 கிராமங்களைச் சேர்ந்த சுமார் 3,000 குடும்பங்களை அப்புறப்படுத்தும் பணி முடிந்திருக்கவில்லை. 2007இல் இணக்கம் பெற்ற திட்டம் 2025இலேயே திறக்கப்பட்டது. இப்பதினெட்டு ஆண்டுத் தாமதத்துக்கு உழவரின் பிடிவாதமே காரணம் என்று குறைகூறுவோர் உளர். சுற்றாடல் வழக்குகளும் ஒப்பந்தக் கைமாற்றமும் நோய்க்காலமும் அதிலே தமக்குரிய பங்கைக் கொண்டிருந்தன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 2017இல் ஒப்பந்தத்தை வென்ற நிறுவனம் ஒன்று. 2021இல் பொறுப்பேற்ற நிறுவனம் வேறொன்று. உழவரைப் பொறுத்தவரை, அவர்களுக்கு உரியதை முதலிலேயே கொடுத்திருந்தால் அவர்கள் ஏன் மறித்து நின்றிருக்கப் போகின்றனர்? அநீதிதான் தாமதத்தை விளைவிக்கின்றது. நீதி தாமதிப்பதில்லை.

இன்று அந்நிலையத்தின் உடைமை எவ்வாறு பகிரப்பட்டுள்ளது என்பதையும் நோக்குவோம். 74 சதவீதம் அதானி குழுமத்துக்குரியது. எஞ்சிய 26 சதவீதம் சிட்கோ என்ற அரச நிறுவனத்துக்குரியது. மண்ணின் பெயரால் உள்ள பங்கை மண்ணுக்குரியவனுக்காக அரசு வைத்திருக்கின்றது எனக் கூறலாம். அப்பங்கிலிருந்து வரும் இலாபம் 95 கிராமங்களின் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் தொழிற்கல்விக்கும் செல்லுமாயின் அக்கூற்று மெய்யாகும். மும்பாய் மக்கள் இனிக் கண்காணிக்க வேண்டியது இதனையே.

விமான நிலையத்துக்கு என்ன பெயர் சூட்டுவது என்ற பிரச்சினை எழுந்தபொழுதும் அம்மக்கள் தம் நினைவை விட்டுக்கொடுக்கவில்லை. வேறொரு பெருந்தலைவரின் பெயரைச் சூட்ட முற்பட்டபொழுது, 2021 சூன் மாதத்தில் அவர்கள் கைகோத்து மனிதச் சங்கிலி அமைத்தும், சிட்கோ அலுவலகத்தை நோக்கித் திரண்டு சென்றும், தி. பா. பாட்டீலின் பெயரே வேண்டும் என்றனர். 2022இல் மாநில அமைச்சரவை அதற்கு இணங்கியது. திறப்பு விழா நாளன்று நிலையம் நவி மும்பாய் என்ற பெயரோடேயே விளங்கியது. பெயர்ப்பலகையால் வயிறு நிறையாது என்று சிலர் கேலி செய்யலாம். ஆனால் இங்கே எங்கள் வயல் இருந்தது, எங்களுக்காக ஒருவர் வாதாடினார் என்பதை வருங்காலத்தார் அறியவேண்டும் என அவர்கள் விரும்புவதை நாம் மதிக்கின்றோம்.

இந்தியாவில் 1894ஆம் ஆண்டுச் சட்டம் இன்று நடைமுறையில் இல்லை. 2013ஆம் ஆண்டில் நியாயமான இழப்பீட்டையும் மீள்குடியேற்றத்தையும் உரிமையாக்கும் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2014 சனவரி முதல் அமுலுக்கு வந்தது. சமுதாயத்தில் ஏற்படும் பாதிப்பை முதலில் ஆராய வேண்டும் என அச்சட்டம் விதிக்கின்றது. தனியார் நிறுவனத்துக்காகக் காணி எடுப்பதாயின் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரதும், அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டமாயின் 70 சதவீதத்தினரதும் சம்மதம் வேண்டும் என்கின்றது. காணியில்லாது அதிலே உழைத்து வாழ்பவனையும் அது பாதிக்கப்பட்டவன் என ஏற்கின்றது. நவி மும்பாயிலும் பிறவிடங்களிலும் உழவர் பட்ட பாட்டின் பயன் அச்சட்டத்தின் வரிகளிலே படிந்திருக்கின்றது.

ஆனால் சட்டம் இருப்பது ஒன்று, அதன்படி நடப்பது மற்றொன்று. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர் 2022 ஆகஸ்டு மாதத்தில் அறிவிக்கப்பட்டபொழுது, 13 கிராமங்களின் காணிகள் அதற்குட்பட்டன. ஏரிகளும் குளங்களும் நஞ்சை வயல்களும் நிறைந்த பகுதி அது. ஏகனாபுரம் மக்கள் மாலைதோறும் கூடிப் போராடத் தொடங்கினர். கிராம சபைகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்புத் தீர்மானங்களை நிறைவேற்றின. இருந்தும் திட்டத்துக்கான அனுமதிகள் 2024இலும் 2025இலும் மத்திய அரசாங்கத்திடமிருந்து வந்து சேர்ந்தன. சென்னைக்கும் தேவை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. இடத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு, நீரோட்டத்தைப் பின்னர் ஆராய்ந்து, மக்களை ஈற்றிற் கேட்பது தலைகீழான முறை என்பதையே சுட்டுகின்றோம். மும்பாய் அரை நூற்றாண்டில் கற்ற பாடத்தைத் தமிழகம் மீண்டும் முதல் எழுத்திலிருந்து கற்கவேண்டியதில்லை.

இனி, நமது சொந்த முற்றத்தைப் பார்ப்போம். 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குச் சென்றது. அந்நாளிற் பலாலி எமக்கு அயலுலகத்தின் வாயிலாக இருந்தது. பின்னர் அவ்வாயில் அடைபட்டது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் வீடு வாசலை விட்டு ஓடினர். அவர்களுடைய செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த நிலத்திலே பற்றை வளர்ந்தது. 2013 ஏப்ரிலில் அப்பகுதியில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. காணிச் சொந்தக்காரர்களோ சில மைல் தூரத்தில் நலன்புரி முகாம்களில் இருந்தனர். பெருந்தொகையானோர் நீதிமன்றஞ் சென்று முறையிட்டனர். 2015இன் பின்னர் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டு வந்தபோதிலும், அவை முழுவதும் உரியவரைச் சென்றடையவில்லை.

2019 ஒக்டோபர் 17ஆந் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து முதல் விமானம் வந்திறங்கியது. நோய்க்காலத்தில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. மகிழ்ச்சி தரும் செய்தியே. எம்மவர் ஒரு மணி நேரத்தளவில் சென்னையை அடைகின்றனர். நோயாளியும் மாணவனும் வணிகனும் பயனடைகின்றனர். அந்நிலையம் விரிவடைய வேண்டும், பெரிய விமானங்கள் இறங்க வேண்டும், நமது தோட்டத்து விளைபொருள் அதன்வழி ஏற்றுமதியாக வேண்டும் என்பது பலரின் விருப்பம். எமது விருப்பமும் அதுவே. ஆனால் விரிவாக்கம் என்ற சொல் காதில் விழும்பொழுதெல்லாம், முப்பத்தைந்து ஆண்டுகளாக வேலிக்கு வெளியே நின்று தன் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கமக்காரனின் நெஞ்சு துணுக்குறுகின்றது. நவி மும்பாயின் உழவனுக்கு 16 பரப்புக்கு 3.6 பரப்பாவது திரும்பிற்று. பலாலியின் உழவன் பலருக்கு விலையுமில்லை, பங்குமில்லை, வாடகையுமில்லை. உறுதி மட்டும் பெட்டிக்குள் இருக்கின்றது.

எமது நாட்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் 1950ஆம் ஆண்டுக்குரியது. அது சந்தை விலையைப் பற்றிப் பேசுகின்றது. அவசரம் என்ற பெயரில் உடனடியாக உடைமை எடுக்கவும் இடந்தருகின்றது. சமுதாயப் பாதிப்பை ஆராயும் கடமையோ, பாதிக்கப்படுவோரின் சம்மதமோ, எழப்போகும் திட்டத்திற் பங்கோ அதிலே இல்லை. விருப்பமின்றி இடம்பெயர்க்கப்படுவோரின் மீள்குடியேற்றம் பற்றி 2001இல் அமைச்சரவை ஏற்ற தேசியக் கொள்கையொன்று உண்டு. கொள்கை நன்று. ஆயினும் நீதிமன்றத்திலே கமக்காரன் கையில் ஆயுதமாவது சட்டமே.

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவது, பலாலி விமான நிலையத்துக்கு மெய்யாகவே எவ்வளவு காணி தேவை என்பதை வரைபடத்தோடு வெளிப்படையாக அறிவித்து, அதற்கு அப்பாற்பட்ட காணி அனைத்தையும் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். விமான நிலையம் வேறு, படை முகாம் வேறு. ஒன்றின் பெயரால் மற்றொன்று வளருதல் தகாது. இரண்டாவது, மெய்யாகத் தேவையான காணிக்கு இன்றைய விலையையும், கடந்த ஆண்டுகளின் வருமான இழப்பையும் கொடுப்பதோடு, வீதியும் நீரும் அமைந்த மாற்றுக் காணியில் ஒரு பங்கையும் சட்டப்படி உறுதிசெய்ய வேண்டும். மூன்றாவது, உறுதியில்லாது வாரத்துக்கும் குத்தகைக்கும் செய்கை பண்ணியவனையும், கூலிக்கு உழைத்தவனையும், கரையோர மீனவனையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். நான்காவது, இவையனைத்தும் மண்வெட்டி நிலத்திற் படுமுன் நடைபெற வேண்டும். பின்னர் தருவோம் என்ற வாக்கு எவ்வளவு பெறுமதியானது என்பதை நவி மும்பாயின் தரகர்கள் அறிவர்.

இவ்வளவு கொடுத்தால் திட்டச் செலவு பெருகிவிடுமே என்பார் உளர். 19,650 கோடி ரூபாவைச் செலவிட வல்ல உலகம், காணிக்காரனின் பங்கு என்று வரும்பொழுது மட்டும் சிக்கனம் பேசுவது விந்தையே. சீமெந்தின் விலையையும் இரும்பின் விலையையும் எவரும் குறைத்துக் கொடுக்கும்படி கேட்பதில்லை. நிலத்தின் விலையை மட்டும் அதற்குரியவனே தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எந்த நியாயம்? ஓடுபாதை ஒரு நாட்டின் பொதுச் சொத்தாயின், அதனை அமைப்பதன் பாரமும் பொதுவாகவே பகிரப்பட வேண்டும். பத்துக் கிராமங்களின் தோளில் அதனை இறக்கிவைத்தல் அபிவிருத்தியாகாது.

எமது கமக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் உறுதிகளையும் வரைபடங்களையும் பத்திரப்படுத்துங்கள். பெற்றோர் பெயரிலுள்ள காணிகளைப் பங்கிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். தனித்தனியே விலைபேச முற்படாது சங்கமாய் நின்று பேசுங்கள். எமது வழக்கறிஞர்களுக்கும், நில அளவையாளர்களுக்கும், பொறியியலாளர்களுக்கும், கணக்காளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்ச் சங்கம் உங்களைத் தேடி வரும்வரை காத்திராதீர்கள். வர்த்தமானி அறிவித்தலை வாசித்துச் சொல்லவும், பரப்பைக் கணக்கிட்டுக் காட்டவும், நீரோடும் திசையை அளந்து தெரிவிக்கவும் உங்களாலேயே முடியும். யாசாய் உழவர்க்கு வாதாட ஒருவர் வாய்த்தார். வலிகாமத்து உழவர்க்கு வாதாட ஒரு கல்விச் சமுதாயமே இருக்கின்றது. அது வாய் திறக்க வேண்டும்.

விமானங்கள் பறக்கட்டும். மும்பாயிலும் சென்னையிலும் பலாலியிலும் அவை நாளுக்கு நாள் பெருகட்டும். அவை எழுந்து செல்லும் நிலத்தைக் கொடுத்தவன், தன் பிள்ளையைக் கைபிடித்துக்கொண்டு வேலியோரத்தில் நிற்கும்பொழுது, இதில் எமக்கும் ஒரு பங்குண்டு என்று பொய்யின்றிச் சொல்லக்கூடிய நிலை வரவேண்டும். அந்நிலையைச் சட்டத்தால் உறுதிசெய்யாத எந்த அரசாங்கமும், எத்தனை ஓடுபாதைகளை அமைத்தாலும், தன் கடமையைச் செய்ததாகக் கூறிக்கொள்ள முடியாது.